ஏழாம் தொட்டியின் மிச்சம்

அந்த அறைக்குள் போக மூன்று கதவுகள் உண்டு. முதல் கதவில் செருப்பைக் கழற்றிவிட்டு ரப்பர் பூட்ஸ் மாட்ட வேண்டும். இரண்டாவதில் முழங்கை வரை கையைக் கழுவ வேண்டும். மூன்றாவதில் நான்கு எண்களை அழுத்தினால் டக்கென்று திறக்கும். உள்ளே போனதும் தானாகவே பின்னால் சாத்திக்கொள்ளும். ஜன்னல் கிடையாது. பளிச்சென்ற வெளிச்சத்தில் ஆக்டோபஸ் மிரளும் என்பதால் மங்கலான சிவப்பு விளக்குகள் மட்டும். ஒன்பது கண்ணாடித் தொட்டிகள், ஒன்றுக்கு ஓர் ஆக்டோபஸ், ஒவ்வொன்றுக்கும் கொக்கி போட்ட மூடி. காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் பதினொன்றுக்குத்தான் வெளியே வரலாம். நடுவில் கதவைத் திறந்தால் மேலே அலுவலகத்தில் மணி அடிக்கும்.

"அதுங்களுக்கு ஒரு மூடி, எனக்கு மூணு கதவு. யோசிச்சுப் பாத்தா அதுங்க பாடு தேவலை," என்று தராசு தன் மனைவியிடம் சொல்வான்.

தராசு என்பது அவனுக்கு வைத்த பெயர் இல்லை, அவனே சம்பாதித்த பெயர். மீன் ஏலக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் எடை போட்டவன். மீனை வாலைப் பிடித்துத் தூக்கும்போதே எடையைச் சொல்லிவிடுவான்; போட்டுப் பார்த்தால் பத்து கிராம் முன்னே பின்னே இருக்கும். அவன் எழுதிய எடையை யாரும் இரண்டாம் தடவை போட்டுப் பார்த்ததில்லை. அந்த நம்பிக்கைதான் அவனை இந்த ஆக்டோபஸ் பண்ணைக்குக் கொண்டுவந்தது. அவன் மனைவிக்கும் இங்கேயே தீவனக்கூடத்தில் வேலை. தங்குவதற்கு மாடியில் ஓர் அறை. இரண்டு வருஷ ஒப்பந்தம்; அதுவரை இருவருடைய சான்றிதழ்களும் அலுவலக அலமாரியில் இருக்கும். அந்த ஒற்றை அறைக்கும் ஜன்னல் இல்லை. அதில் குழந்தைகளை வைத்துக்கொள்ள அனுமதியும் இல்லை; இரண்டு அறை வீடு கிடைத்தால்தான் உண்டு. ஆகவே அவர்களுடைய மகள், பதினொரு வயதுக் குட்டி, தாய்மாமன் வீட்டில் இருந்து படித்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவாள்.

"ரெண்டு ரூம் வீடு எப்பம்மா குடுப்பாங்க?"

"அம்மா செய்யற தீவனம் பாஸாயிடுச்சுன்னா உடனே," என்பாள் மனைவி.

அந்தத் தீவனத்துக்குத்தான் எழுபது நாள் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. நடத்துபவர் டாக்டரம்மா. வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. படித்து வாங்கிய பட்டம். ஆக்டோபஸுக்கு எந்தச் சாப்பாடு உடம்பில் ஒட்டுகிறது, எது சதையின் சத்தை மாற்றுகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஒன்று முதல் மூன்று தொட்டிகளுக்கு உயிர் நண்டு. நான்கு முதல் ஆறு வரை மீன் துண்டு. ஏழு, எட்டு, ஒன்பதுக்குத் தீவனக் கட்டி. மீன் மாவும் முட்டைத் தூளும் கலந்து, கடல்பாசிப் பசை ஊற்றிப் பிசைந்து, கட்டைவிரல் அளவுக்கு வெட்டியது. நண்டு வருஷம் முழுக்கக் கிடைக்காது, கட்டி கிடைக்கும். கட்டி தின்று ஆக்டோபஸ் வளர்ந்துவிட்டால் பெரிய தொட்டிகளில் இருக்கும் நானூறு உருப்படிக்கும் அதையே போடலாம்.

வாய்பாடு டாக்டரம்மாவுடையது. ஆனால் அதைக் கைக்கு அடங்கும் கட்டியாக்கியது மனைவி. தண்ணீர் எவ்வளவு, பிசைவது எத்தனை நேரம், ஆறவைப்பது எப்படி என்று ஒரு மாதம் அல்லாடிக் கண்டுபிடித்தாள். தீவனக்கூடத்தில் வேலை செய்பவர்கள் தொட்டி அறைக்குள் வரக்கூடாது. கையோடு கிருமி வரும் என்று விதி. அதனால் அவள் தன் தீவனம் தின்னப்படுவதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒவ்வொரு நாளும் அவன் வெளியே வந்ததும் முதல் கேள்வி அதுதான்.

"சாப்பிட்டுச்சுங்களா?"

"ம். சாப்பிட்டுச்சு."

முதல் வாரம் அது பாதி உண்மை. எட்டு கொஞ்சம் கொறித்தது. ஒன்பது உருட்டி விளையாடியது. ஏழு தொடவே இல்லை.

பம்பு பார்க்கிற மெக்கானிக், எல்லோரும் மோட்டார் என்று கூப்பிடுபவன், மூடிக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "என்ன தராசு, உங்க வீட்டு சோப்பு கரையவே இல்லையே?"

"வேலையப் பாரு."

"இல்ல, ஒண்ணு குடேன். பூட்ஸ் கழுவிக்கறேன்."

இரண்டாம் வார எடைக்கு ஏழை வலைப்பையில் தூக்கினான். உடம்புக்குள் இருக்கும் தண்ணீர் வடிய ஒரு நிமிஷம் பிடித்திருக்க வேண்டும். கையே சொல்லிவிட்டது. தராசில் வைத்தான். வந்தபோது எழுநூற்று இருபது கிராம் இருந்தது அறுநூற்று நாற்பதாக இறங்கியிருந்தது. தோல் வெளுத்துப் போயிருந்தது. ஒரு கையின் நுனி இல்லை. யாரும் கடிக்கவில்லை, தொட்டியில் அது தனியாகத்தான் இருந்தது. தன் கையைத் தானே தின்றிருக்கிறது.

டாக்டரம்மாவிடம் சொன்னான். "எடை இறங்கினதை எழுதுங்க. பசி வந்தா தானா சாப்பிடும். கொஞ்சம் பொறுங்க," என்றார். அவரும் கல்மனசுக்காரர் இல்லை. பாதியில் ஒன்றை எடுத்துவிட்டால் பரீட்சை செல்லாது; மேலே அவரைக் கேள்வி கேட்க ஆட்கள் இருந்தார்கள்.

மறுநாள் காலை நண்டுக் கூடையைப் பிரித்துக்கொண்டிருந்தான். பரீட்சைக்கு முழு நண்டு மட்டும்தான் சேரும். கால் உடைந்ததை, கொடுக்கு இல்லாததை ஒரு வாளியில் கழித்துப் போட வேண்டும். அன்று வாளியில் ஒரு நண்டு மூன்று காலோடு உலாவிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தான். ஏழாம் தொட்டியைப் பார்த்தான். குழாய்த்துண்டுக்குள் ஒடுங்கியிருந்த அது ஒரு கண்ணால் அவனைப் பார்த்தது.

'ஆண்டவனே, ஒரே ஒரு தடவை,' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு மூடியைத் திறந்தான்.

அது பாய்ந்த வேகத்தில் தண்ணீர் அவன் முகத்தில் தெறித்தது. கால் மணி நேரத்தில் வழித்துத் துடைத்த காலி ஓடு குழாய்க்கு வெளியே வந்து விழுந்தது. வெளுத்த தோலில் பழுப்பு ஏறியது. எட்டும் ஒன்பதும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு பார்த்தன.

இந்த இடத்தில்தான் நல்ல மனசுக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஒன்றுக்குப் போட்டுவிட்டு மற்ற இரண்டை எப்படிப் பார்க்கவைப்பது? வாளியில் இன்னும் இரண்டு நொண்டி நண்டுகள் இருந்தன. போட்டான்.

ஒரே ஒரு தடவை என்பது ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றானது. ஓடுகளை எடுத்து நண்டுத் தொட்டிகளின் குப்பையோடு சேர்த்தான். தின்னாமல் கிடந்த கட்டிகளைத் தினமும் எடை போட்டு மிச்சம் என்று எழுத வேண்டும். அதில் கொஞ்சத்தைச் சாக்கடையில் விட்டுவிட்டு மீதியை மட்டும் எழுதினான். ஆக்டோபஸின் எடையில் மட்டும் அவன் கை வைக்கவில்லை. அந்த எண்கள் சத்தியமாக உண்மை. அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் புத்தகத்தை மூடும்போதெல்லாம் அது முன்பைவிடக் கனத்தது. காலைப் பிரார்த்தனையில் எப்போதும் சொல்லும் நாலு வரி இப்போது இரண்டாவது வரியில் நின்றுபோனது.

மணிக்கட்டைச் சுற்றி ஏழாம் தொட்டி ஆக்டோபஸின் உறிஞ்சிகள் பதித்த வட்ட வட்டமான தழும்புகளை மனைவி பார்த்தாள்.

"எவ போட்டுவிட்ட வளையல் இது?"

"ஏழு."

"என் சாப்பாட்டத் தின்னுட்டு என் புருஷன் கையைப் பிடிக்கிறாளா? இருக்கட்டும், இருக்கட்டும்," என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டான்.

அறுபத்தெட்டாம் நாள் டாக்டரம்மா எண்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். நண்டு தின்றவை முதலிடம். தீவனம் தின்றவை அடுத்து. மீன் துண்டு கடைசி. ஏழு மட்டும் ஆயிரத்து அறுநூற்று ஐம்பது கிராம்.

"உங்க வீட்டம்மாவுக்குத்தான் முதல் நன்றி சொல்லணும். நாளைக்கழிச்சு மூணு வகையிலயும் ஒண்ணொண்ணு எடுத்து சத்துப் பரிசோதனைக்கு அனுப்பறோம். வர்ற மாசத்துல இருந்து நானூறுக்கும் கட்டிதான். நண்டுப் படகுக்கு வேண்டாம்னு சொல்லியாச்சு."

"பரிசோதனைன்னா... என்ன சாப்பிட்டுச்சுன்னு தெரிஞ்சிடுங்களா மேடம்?"

"கைச்சதையில அவ்வளவா தெரியாது. எதைத் தின்னாலும் சதையில புரதமும் தண்ணியும் பெரிசா மாறாது. ஈரல்லதான் தெரியும். தின்ன கொழுப்பெல்லாம் அங்கதான் போய்ச் சேரும். ஈரலைப் பரிசோதிச்சா சாப்பாட்டோட ஜாதகமே கெடச்சுடும்."

தராசு மேஜையில் இருந்த எடைப் புத்தகத்தைப் பார்த்தான்.

"ஆனா வாங்கறவங்க தின்னப்போறது சதையைத்தானே. சதை மட்டும் போதும்னு மேலே சொல்லிட்டாங்க. ஈரலைத் தூக்கிப் போட்டுடலாம்."

தப்பித்தாயிற்று. இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த நிமிஷத்தில்தான் அவனுக்கு நாலாவதாக ஒரு கதவு டக்கென்று சாத்திக்கொண்டதுபோல் இருந்தது. ஈரல் காட்டிக்கொடுத்திருந்தால் தலையைக் குனிந்து நின்று முடித்திருக்கலாம். இப்போது அவனாக வாயைத் திறந்தால்தான் உண்டு. திறந்தால் மனைவியின் தீவனம் தோற்றது, குட்டி வரமாட்டாள், ஒப்பந்தம் பாதியில் முறிந்தால் சான்றிதழும் கையில் வராது. திறக்காவிட்டால் பெரிய தொட்டிகளில் நானூறு உயிர் தன் கையைத் தானே தின்னும். நானூறுக்கும் ரகசியமாகப் போட எந்த வாளியிலும் நொண்டி நண்டு கிடையாது.

மாடி அறையில் மனைவி அட்டைப்பெட்டியில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு என்னை உள்ள வந்து பாக்கச் சொல்லிட்டாங்க டாக்டரம்மா. என் கையாலயே போடச் சொன்னாங்க. எந்தப் புடவைங்க கட்டறது?"

"மேலே பிளாஸ்டிக் கோட்டு போட்டுடுவாங்க. எதைக் கட்டினா என்ன."

"நான் கட்டியிருக்கேன்னு எனக்குத் தெரியும்ல."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான். சுவருக்குப் பின்னால் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் ஒரு நாளும் நிற்பதில்லை.

மறுநாள் காலை மூன்று கதவுகளையும் தாண்டி அவள் வந்தாள். சிவப்பு வெளிச்சத்தில் கண் பழக நேரம் பிடித்தது. டாக்டரம்மா ஒன்றாம் தொட்டியில் குனிந்து எதையோ குறித்துக்கொண்டிருந்தார். மனைவி ஏழின் முன்னால் போய் நின்றாள்.

"இவளா?"

"இதுதான்."

"எவ்ளோ அழகா இருக்கா." கட்டியை இரண்டு விரலில் பிடித்துத் தண்ணீரில் நீட்டினாள். ஒரு கை மெல்ல நீண்டு வந்தது. கட்டியைத் தொட்டது. ஆக்டோபஸுக்கு நாக்கு வேலையைக் கையில் இருக்கும் உறிஞ்சிகளே செய்துவிடும். தொட்டாலே ருசி தெரிந்துவிடும். கட்டி அந்தப் பிடியில் இரண்டாகப் பிளந்து உதிர்ந்தது. ஏழு அதைத் தள்ளிவிட்டது. வெடுக்கென்று இல்லை; சாப்பாட்டில் கிடந்த கல்லை ஓரமாக ஒதுக்குவதுபோல. பிறகு அந்தக் கை மனைவியைத் தாண்டி, தொட்டியின் விளிம்பைத் தாண்டி, தராசின் மணிக்கட்டைப் பிடித்தது. விரல்களைப் பிரித்துத் தேடியது. உள்ளங்கையில் ஒன்றும் இல்லை. இன்னொரு கை வந்து அவனுடைய கோட்டுப் பையைத் தடவியது.

மனைவி அந்தக் கையைப் பார்த்தாள். கழித்த நண்டு வாளியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவளும் பன்னிரண்டு வருஷமாக அவனுக்குச் சாப்பாடு போடுபவள்தானே.

"எத்தன நாளா?" மெதுவாகத்தான் கேட்டாள்.

"ரெண்டாவது வாரத்துல இருந்து."

"மூணுக்குமா?"

"ம்."

"தினம் நான் கேட்டேனே. சாப்பிட்டுச்சு, சாப்பிட்டுச்சுன்னீங்களே."

"நீ அவ்வளவு ஆசையா..."

"ஆசையா கேட்டேன். அதுக்காக?" குரல் உயரவில்லை, அதுதான் அவனை அறுத்தது. "நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லியிருந்தா நான் மாத்திப் பண்ணியிருப்பேன்ல. பத்து வாரம் இருந்துச்சு எனக்கு. பத்து விதமாப் பண்ணியிருப்பேன். நீங்க என்னைச் சந்தோஷமா வெச்சுக்கறேன்னு கண்ணைக் கட்டி உக்கார வெச்சுட்டீங்க."

இரக்கப்பட்டுச் செய்தது ஒன்று, இரக்கப்பட்டுச் சொல்லாமல் விட்டது ஒன்று. முதலாவது ஒரு உயிரைக் காப்பாற்றியது. இரண்டாவது அவர்கள் எல்லோரையும் இந்த அறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தது. அந்த வித்தியாசம் அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"குட்டி..." என்றான்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. "குட்டிக்கு நான் சொல்லிக்கறேன். இங்க நீங்க சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

அவன் திரும்பினான். ஐந்து தொட்டிகளைத் தாண்டி நடக்க வேண்டும். பூட்ஸ் ஈயத்தில் வார்த்ததுபோல் இருந்தது.

"மேடம், அந்த எண்ணெல்லாம் செல்லாது."

டாக்டரம்மா பேனாவை மூடாமல் கேட்டார். அவன் ஒளிக்காமல் சொன்னான். நொண்டி நண்டு, ஓடு, சாக்கடையில் விட்ட கட்டி, எல்லாம். அவர் எடைப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார்.

"எழுபது நாள்," என்றார் கடைசியில். "எழுபது நாள் என் தூக்கம்." பிறகு, "ஏழு சாகக் கிடந்துச்சு, சரி. எட்டுக்கும் ஒன்பதுக்கும் ஏன் போட்டீங்க?"

"ஒண்ணுக்கு மட்டும் எப்படி மேடம் போடறது. அதுங்க பாத்துக்கிட்டே இருக்குங்க."

டாக்டரம்மாவின் முகத்தில் கோபமும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்து இரண்டும் போயின. அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "அது கையைத் தின்னப்ப நீங்க வந்து சொன்னீங்க. பொறுங்கன்னு நான்தான் சொன்னேன். அதையும் எழுதறேன்."

அன்று மதியம் அவர் மேலே போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தார். அங்கே என்ன பேச்சு வாங்கினார் என்று சொல்லவில்லை. சத்துப் பரிசோதனையை நிறுத்தியாயிற்று, நண்டுப் படகைத் திரும்பவும் வரச் சொல்லியாயிற்று என்று மட்டும் சொன்னார். அறிக்கையில் ஒரே ஒரு வரியை அவனுக்குக் காட்டினார்: 'பிழையைப் பணியாளர் தாமாகவே முன்வந்து தெரிவித்தார்.' அந்த ஒரு வரியால் ஒப்பந்தம் முறியாமல் நின்றது. ஆனால் எடைப் புத்தகம் அவன் கையை விட்டுப் போனது. இனி அவன் எடை போடும்போது டாக்டரம்மா பக்கத்தில் நிற்பார். போட்டதை இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பார். பன்னிரண்டு வருஷத்தில் யாரும் செய்யாதது. மோட்டார்கூட அதைப் பற்றி வேடிக்கை பேசவில்லை. அதுவும் ஒரு தயவுதான்.

ஞாயிற்றுக்கிழமை போனில் குட்டி அழவில்லை. "அப்ப இன்னும் எத்தன ஞாயித்துக்கிழமை?" என்று மட்டும் கேட்டாள். அப்பாதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "தெரியலம்மா," என்றான். பொய் சொல்லாமல் அவளிடம் பேசுவது கல்லைத் தூக்குவதுபோல இருந்தது. ஆனாலும் அன்று காலைப் பிரார்த்தனையின் நாலு வரியும் அவனுக்கு முழுசாக வந்திருந்தன.

மனைவி பாத்திரங்களைப் பெட்டியிலிருந்து திரும்ப எடுத்து அலமாரியில் வைத்தாள். நாலு நாள் அவனோடு அளந்து பேசினாள். ஐந்தாம் நாள் டாக்டரம்மாவிடம் போய் நின்றாள். பசையைக் கூட்டினால் பிடியில் உதிராது, கழித்த நண்டையே அரைத்துச் சேர்த்தால் தொட்டதும் ருசி தெரியும் என்றாள். "ஏழுக்கு மட்டும், தினம் ஒரு கட்டி. அதுக்கப்புறம் அதுக்கு நண்டு உண்டு. நான் எந்த உறுதியும் குடுக்க மாட்டேன்," என்றார் டாக்டரம்மா.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. தீவனக்கூடத்து வாசலில் மாவுக் கையோடு அவள் நின்றிருந்தாள்.

"சாப்பிட்டுச்சுங்களா?"

"இல்ல."

அவள் தலையசைத்தாள். "வாங்குச்சா?"

"வாங்குச்சு. உள்ள எடுத்துட்டுப் போச்சு. பதினோரு நிமிஷம் வெச்சிருந்துச்சு."

"நேத்து நாலு."

"ஆமா. ஆனா அப்புறம் வெளிய தள்ளிடுச்சு. நல்லா இல்ல."

"எங்க நல்லா இல்ல?"

அவன் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். மிச்சத்தை எடை போட்ட பிறகு டாக்டரம்மாவே சுற்றிக் கொடுத்தது. மனைவி பிரித்தாள். கட்டி உடையாமல் முழுசாக இருந்தது. ஒரு மூலையில் மட்டும் ஏழு வாய் வைத்துப் பார்த்த அடையாளம்: கிளி கொத்தினதுபோல் சின்னதாக ஒரு குழி.

அவள் அதை டியூப் லைட்டுக்குக் கீழே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.